இரண்டடித் தொட்டிக்கு விளக்கு தேர்ந்தெடுத்த கதை

மீனும் நீர்ச்செடிகளும் வளர்க்க நான் அமைத்த தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்புவரை நிரப்பினால் 57 லிட்டர் பிடிக்கும். மணலும் கல்லும் மரக்கட்டையும் போக, நிற்கும் தண்ணீர் 45 லிட்டருக்குப் பக்கம். செடிகளுக்குக் கார்பன் டை ஆக்சைடு ஊட்டும் சிலிண்டர் வைப்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். எந்த விளக்கு வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை அந்த முடிவிலேயே இருந்தது. அது எனக்குப் புரிந்தது பின்னால்தான்.

செடிகளைக் கொளத்தூரில் வாங்கினேன். சென்னையில் வண்ணமீன் வளர்ப்பவர்களுக்கு அந்தப் பகுதியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முன்வரிசைக்குக் கிரிப்டோகோரைன் வெண்டி, மரக்கட்டையில் கட்டுவதற்கு அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும், பின்வரிசைக்கு வாலிஸ்நேரியா. வெண்டி இலங்கைக்கே உரிய செடி. அனுபியாஸ் மேற்கு ஆப்பிரிக்காவின் ஓடைக்கரைகளில் வளர்வது. மரநிழலில் வாழப் பழகிய செடிகளுக்கு நடுப்பகல் வெயிலைப் போன்ற வெளிச்சம் தேவையில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் விளக்குக் கடைக்குப் போனேன்.

அங்கே பெட்டிக்குப் பெட்டி மூன்று எண்கள் அச்சிட்டிருக்கின்றன. வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரம். செடிக்குக் கிடைக்கும் ஒளி அன்று. ‘லிட்டருக்கு இத்தனை வாட்’ என்ற பழைய கணக்கு குழல்விளக்குக் காலத்தோடு முடிந்தது. அதே வாட்டில் எல்இடி ஏறத்தாழ இரு மடங்கு வெளிச்சம் தருகிறது. கெல்வின் வெளிச்சத்தின் நிறச் சாயலைக் குறிக்கிறது. 6500 என்றால் பகல் வெளிச்சம் போன்ற வெண்மை, 3000 என்றால் மஞ்சள். லூமன்தான் ஆளை ஏமாற்றக்கூடியது. அது மனிதக் கண்ணுக்காக உருவான அளவு. நம் கண் 555 நானோமீட்டர் பச்சையைத்தான் மிகக் கூர்மையாக உணர்கிறது. பச்சையமோ நீலத்தையும் சிவப்பையும் அதிகம் உறிஞ்சுகிறது. 400 முதல் 700 நானோமீட்டர் வரை விழும் ஒளித்துகள்களை எண்ணிச் சொல்லும் கருவி இருக்கிறது. அதன் விலைக்கு இன்னும் சில தொட்டிகள் வாங்கலாம்.

ஆகவே ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியிடம் போனேன். பள்ளியில் எல்லோரும் பார்த்த சோதனைதான்: கண்ணாடி முகவையில் தண்ணீர், அதில் தலைகீழாகக் கவிழ்த்த புனலுக்குள் ஹைட்ரில்லாத் தண்டு, மேலே சோதனைக்குழாயில் ஏறும் ஆக்சிஜன் குமிழிகள். செடியை வெளிச்சத்துக்கு அருகே கொண்டுபோனால் குமிழி வேகமாக வரும். இதையே விளக்குகளை ஒப்பிடும் தராசாக வைத்துக்கொள்ள முடியுமா என்று பார்த்தேன். புனல் வேண்டியிருக்கவில்லை. உயரமான கண்ணாடிக் குடுவையில் தண்டைத் தலைகீழாக நிறுத்தி, வெட்டுமுனையிலிருந்து நிமிடத்துக்கு எத்தனை குமிழிகள் கிளம்புகின்றன என்று எண்ணினால் போதும். விளக்கை மாற்றும் ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் பொறுத்துவிட்டு எண்ண வேண்டும். செடி உடனே நிலைகொள்வதில்லை.

மூன்று விளக்குகள் கைவசம் இருந்தன: இரண்டடி நீள 10 வாட் எல்இடி பேட்டன், அதாவது வீட்டில் போடும் சாதாரண 6500 கெல்வின் வெள்ளை, சுமார் 1000 லூமன்; சிவப்பு, பச்சை, நீலம் கலந்த, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய 24 வாட் தொட்டி விளக்கு; நண்பர் மாடித்தோட்ட நாற்றுகளுக்காக வாங்கிய ஊதா நிற விளக்கு.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ஊதா விளக்குதான். ஒரு சதுர மீட்டரில் எத்தனை லூமன் விழுகிறது என்று சொல்லும் கைப்பேசியின் லக்ஸ் செயலி அதற்குக் காட்டிய எண் பேட்டனுடையதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. குமிழிகளோ பேட்டனுக்குச் சற்றும் குறையாமல் வந்தன. கைப்பேசியின் உணர்வி நம் கண்ணைப் போலவே பார்க்கிறது. ஹைட்ரில்லா தன் பச்சையத்தைக் கொண்டு பார்க்கிறது. 1882இல் எங்கல்மான் என்ற ஜெர்மானிய அறிஞர் பாசி இழை ஒன்றின் மேல் நிறமாலையை விழவைத்தார். ஆக்சிஜனைத் தேடிப் போகும் பாக்டீரியாக்கள் சிவப்பும் நீலமும் விழுந்த இடங்களில் கூடின. அந்தப் பழைய உண்மை என் சமையல் மேடையில் மறுபடி நிகழ்ந்ததைப் பார்த்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமன்று. இருந்தும் ஊதாவைத் தொட்டிக்குத் தேர்ந்தெடுக்கவில்லை. அதன் கீழே செடி கறுப்பாகவும் மீன் நோயுற்றது போலவும் தெரிகின்றன. வீட்டுத் தொட்டி கண்ணுக்கும் விருந்தாக இருக்க வேண்டும்.

முக்கியமான பாடம் 24 வாட் விளக்கிடமிருந்து வந்தது. குறைந்த அளவிலிருந்து வெளிச்சத்தைக் கூட்டக் கூட்டக் குமிழிகளும் கூடின. பாதியைத் தாண்டியதும் எண்ணிக்கை அப்படியே நின்றுவிட்டது. முழு வெளிச்சம் கொடுத்தும் அசையவில்லை. அப்போது தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா கரைத்தேன். சிறிது நேரத்தில் குமிழிகள் மறுபடி ஏறின. ஹைட்ரில்லாவால் சோடாவில் உள்ள பைகார்பனேட்டிலிருந்தும் கார்பனை எடுத்துக்கொள்ள முடியும். பிளாக்மன் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1905இல் சொன்ன கட்டுப்படுத்தும் காரணி இதுதான்: எது பற்றாக்குறையாக இருக்கிறதோ அதுவே வேகத்தைத் தீர்மானிக்கும். கார்பன் தீர்ந்த இடத்தில் கொட்டும் வெளிச்சம் செடிக்குப் பயன்படுவதில்லை. அது பாசிக்குப் போகிறது. சிலிண்டர் வைத்தவர்கள் லிட்டருக்கு 30 மில்லிகிராம்வரை கார்பன் டை ஆக்சைடைக் கொண்டுவருகிறார்கள். காற்றிலிருந்து தானாகக் கரைவது ஒரு மில்லிகிராமைக்கூட எட்டாது. அவர்களுடைய விளக்கை நான் வாங்குவதில் பொருளே இல்லை.

இந்தச் சோதனையை அப்படியே எல்லாச் செடிகளுக்கும் பொருத்திவிடக் கூடாது. மாஸ் வகைகளால் பைகார்பனேட்டைப் பயன்படுத்த முடியாது. கடினமான ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஹைட்ரில்லாவும் வாலிஸ்நேரியாவும் பெறும் அனுகூலம் அவற்றுக்குக் கிடையாது. சமையல் சோடா குடுவைக்கு மட்டும்தான். மீன் இருக்கும் தொட்டியில் போட வேண்டாம்.

கடைசியில் பேட்டன்தான் தொட்டியின் மேல் ஏறியது. தண்ணீர் ஊற்றுவதற்கு முன் மணல்மட்டத்தில் கைப்பேசியை வைத்துப் பார்த்தேன்: நடுவில் சுமார் 2000 லக்ஸ், மூலைகளில் அதில் பாதி. வெள்ளை எல்இடிக்கு லக்ஸை 70ஆல் வகுத்தால் செடிக்கான ஒளியளவு தோராயமாகக் கிடைக்கும். 2000 லக்ஸ் என்றால், ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு விழும் ஒளித்துகள்களின் கணக்கில், 28 மைக்ரோமோல் அளவு. நிழல் விரும்பும் செடிகளுக்குப் போதுமானது. பேட்டன் தண்ணீர் படுவதற்காகச் செய்யப்பட்டதில்லை என்பதால் நடுவே கண்ணாடி மூடி கட்டாயம். மின்கம்பி பிளக்கை அடைவதற்கு முன் ஒருமுறை கீழே தொங்கி மேலேற வேண்டும். வழியும் நீர் அந்தத் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும். இணைப்பு, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வழியாகச் செல்வது இன்னும் நல்லது.

தொடக்கத்தில் நாளுக்கு ஆறு மணி நேரம் எரியவிட்டேன், பிற்பகல் மூன்றிலிருந்து இரவு ஒன்பதுவரை. மாலையில்தான் அதன் முன்னே உட்காரப்போகிறேன், காலையில் யாருக்காக எரிய வேண்டும்? முட்களைத் தள்ளி நேரம் வைக்கும் டைமர் மின்வெட்டின்போது நின்றுவிடுகிறது. பிறகு நேரம் பிந்திக்கொண்டே போகும். பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர்தான் நம் ஊருக்கு ஏற்றது.

முதல் வாரங்களில் வெண்டியின் இலைகள் கரைந்தன. இடம் மாறும்போது இந்தச் செடி அப்படித்தான் செய்யும். வேரைத் தொடாமல் விட்டால் புது இலை வரும், வந்தது. கண்ணாடியில் பழுப்புப் பாசி படர்ந்தது, புதுத் தொட்டிக்கே உரியது, தானாக அடங்கியது. பிறகு விளக்குக்கு நேர் கீழே இருந்த அனுபியாஸ் இலைகளில் பச்சைப் புள்ளிப் பாசி ஒட்டத் தொடங்கியது. அனுபியாஸின் இலை மெல்ல வளர்ந்து நெடுநாள் நிலைக்கும். பாசி குடியேற அதைவிட வசதியான இடம் இல்லை. விளக்கைக் குறைக்காமல், மேற்பரப்பில் நான்கைந்து ஆகாயத்தாமரைகளை மிதக்கவிட்டேன். அவற்றின் நிழல் அனுபியாஸுக்கு, இடைவெளியில் இறங்கும் வெளிச்சம் வாலிஸ்நேரியாவுக்கு. புது இலைகள் சுத்தமாக விரிகின்றன. ஆகாயத்தாமரை காற்றிலிருந்தே கார்பனை எடுப்பதால் பெருகிக்கொண்டே போகிறது. வாரந்தோறும் அள்ள வேண்டும். அள்ளியதைக் குளத்திலோ கால்வாயிலோ போடாமல் பூந்தொட்டிச் செடிகளுக்கு உரமாக்குகிறேன்.

இப்போது வெண்டியின் இலைகள் நிமிர்ந்து நீளமாக நிற்கின்றன. வெளிச்சம் அதிகமானால் அவை குட்டையாகித் தரையோடு படியும். அந்தப் படர்ந்த உருவம்தான் எனக்குப் பிடித்தது. ஆகவே விளக்கு எரியும் நேரத்தை ஏழு மணி நேரமாக உயர்த்தியிருக்கிறேன், வேர் அருகே உர மாத்திரையும் புதைத்திருக்கிறேன். அடுத்ததாக, 24 வாட் விளக்கைப் பாதிக்கும் கீழே குறைத்து வைத்து ஒரு சிறிய தொட்டியில் ரோட்டாலா என்ற தண்டுச்செடியை வளர்க்க எண்ணம். அதன் கணுக்களுக்கு இடையே தண்டு நீள்கிறதா, நெருங்கியே வளர்கிறதா என்று பார்த்துத்தான் வெளிச்சத்தைக் கூட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்வேன்.