மலைக்குள் ஒரு விண்கலம்

நேற்று ராத்திரி தோ பாயோவில் நண்பர் வீட்டில் நடந்த எங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி விளையாடும் கற்பனைக் கதை விளையாட்டு) ஆட்டத்தில் ஒரு விண்கலத்தை இறக்கிவிட்டேன். வாளும் மந்திரமும் உள்ள உலகத்தில் அது பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு: 1980-லேயே இந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் ‘எக்ஸ்பெடிஷன் டு தி பேரியர் பீக்ஸ்’ சாகசத்தில் மலைக்குள் விழுந்து கிடக்கும் விண்கலத்தை வைத்துவிட்டார், 1989-ல் இதே விளையாட்டுக்கு வந்த ஸ்பெல்ஜாமர் என்ற கதையுலகில் கப்பல்களே மந்திரத்தால் விண்வெளியில் பறக்கும்.

என்னைக் கேட்டால், ஆட்டத்தை நடத்துபவர் ‘விண்கலம்’ என்ற சொல்லை வாயாலேயே சொல்லக் கூடாது. நான் சொன்னதெல்லாம், பாறைக்கு நடுவே இணைப்பே தெரியாத உலோகச் சுவர், தொட்டால் வெதுவெதுப்பு, கைப்பிடி இல்லாத கதவு. குள்ளனாக விளையாடும் தம்பி, “சுத்தியலால் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்கிறேன் அண்ணா” என்றான். தெரியாத மொழியில் ஒரு குரல், ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது என்றேன். மேசையில் அப்படி ஓர் அமைதி, கோப்பி ஆறிப்போனதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. அப்புறம் எங்கள் மந்திரவாதி அதை யாரோ ஓதும் மந்திரம் என்றே நினைத்து, பதிலுக்குக் கதவு திறக்கும் மந்திரத்தைப் போட்டார், இருபது பக்கப் பகடையில் 20 விழுந்தது, நானும் கதவைத் திறந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை உள்ளே போகிறோம். ஓர் இடம் காலி, வர விருப்பம் இருந்தால் சொல்லுங்கள்.