மூணு கொட்டை எடுங்க சாமி

ஜூன் மாதம் ஒண்ணாவது சேர்க்க வரும் பெற்றோர் பெரும்பாலும் "நூறு வரைக்கும் சொல்லுவானுங்க" என்பார்கள். நூறு வரை சொல்வது பாட்டுப் போல, மனப்பாடம். எண்ணத் தெரியுமா என்பது வேறு. அதைப் பார்க்க இருபது புளியங்கொட்டையும் ஒரு கிண்ணமும் போதும்.

கொட்டைகளைத் தட்டில் குவித்து, "சாமி, மூணு கொட்டை எடுத்துக் கிண்ணத்துல போடுங்க" என்று கேளுங்கள். சரியாகப் போட்டால் அடுத்து ஐந்து, பிறகு ஏழு. எண்ணின் பொருள் பிடிபடாத பிள்ளை கைக்கு வந்ததை அள்ளிப் போடும். "எண்ணிப் பாருங்க, அஞ்சு இருக்குதா?" என்று ஒருமுறை கேட்கலாம். தானாகத் திருத்திக்கொண்டால் சரி என்றே குறியுங்கள்.

கையை நீட்டி வாங்கவே கூடாது. ஐந்தாவது கொட்டை விழுந்ததும் நம் கை தன்னால் மூடும், அதைப் பார்த்துப் பிள்ளை நிறுத்திவிடும். அதற்குத்தான் கிண்ணம். தட்டில் பத்தே வைத்துப் பத்துக் கேட்பதும் வீண். மொத்தமாகக் கவிழ்த்தாலே சரியாகிவிடும். கொட்டையை மூக்கில் போட்டுக்கொள்ளும் வயதில் தம்பி தங்கை பக்கத்தில் இருந்தால் தண்ணீர் பாட்டில் மூடிகளை வையுங்கள்.

மொழியில்தான் அதிகம் கெடுகிறது. தாத்தா படத்தைக் காட்டினால் நம் கொங்குப் பக்கத்துப் பிள்ளை "அப்பாரு" என்னும், "அப்புச்சி" என்னும். இரண்டும் சரியான விடைகள். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு வீட்டில் இந்தியோ ஒடியாவோ, கர்நாடக எல்லையில் உள்ள தாளவாடியில் பலருக்குக் கன்னடம். வீட்டு மொழியில் கேட்காவிட்டால் நீங்கள் அளப்பது எண்ணறிவை அல்ல, தமிழை.

காலை பத்து மணிக்குப் பதினைந்து நிமிடம் போதும். சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கும் பிள்ளையிடம் எதுவும் கேட்காதீர்கள்.

கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆஃபர்ட் மையத்தில் உருவான, பிள்ளைகள் பள்ளிக்குத் தயாரா என்று பார்க்கும் அளவீட்டில் உடல்நலம், பழகும் விதம், மன முதிர்ச்சி, மொழியும் அறிவும், பேச்சுத்திறன் என ஐந்து பகுதிகளில் 103 கேள்விகள். ஆசிரியரே நிரப்புவார், பிள்ளையை உட்கார வைத்துச் சோதிப்பதில்லை. முடிவை ஒரு வட்டாரத்தின் நிலையாகப் படிப்பார்களே தவிர, தனிப்பிள்ளைக்கு முத்திரை குத்துவதில்லை. எனக்கு அதில் மிகவும் பிடித்தது அதுதான். நம் நாட்டிலும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டுவதைத் தடுக்கிறது. முதல் முறைக்கே 25,000 ரூபாய் வரை அபராதம். ஆகவே சேர்த்துக்கொண்ட பிறகு அளந்து பாருங்கள். தேதி, கேட்ட மொழி, கிண்ணத்தில் விழுந்த எண்ணிக்கை மூன்றையும் நோட்டில் குறித்து, ஆறு வாரம் கழித்து அதே கிண்ணத்தோடு மறுபடி உட்காருங்கள்.