வீட்டில் கட்டிய விமானத்துக்கு எழுத்து வேலை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் போர்டு கடை வைத்திருப்பவனுக்கு என்ன வேலை வரும் என்று உங்களுக்கே தெரியும். கோயில் உபயத் தகடு, லாரிக் கதவில் கம்பெனிப் பெயரும் எடையும், செம்பனை ஆலைக்கு எச்சரிக்கைப் பலகை, தோட்டத்து மருந்து ஸ்டோருக்கு மண்டையோட்டுப் படம். இப்போது கையில் இருப்பது ஒரு விமானத்தின் வேலை. என் அக்கா மகன் டெக்சாஸில் கிட், அதாவது விமானத்தின் பாகங்கள் அடங்கிய தொகுப்பு வாங்கி, தன் வீட்டுக் கராஜிலேயே ஆர்வி-7 என்கிற இரண்டு இருக்கை விமானத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறான். எழுத்து வேலை முழுக்க மாமாதான் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டான்.

அமெரிக்காவில் இதற்குச் சட்டம் இருக்கிறது. கட்டுகிற வேலையில் பாதிக்கு மேல், 51 சதவீதம் என்று சொல்வார்கள், கற்றுக்கொள்ளவோ பொழுதுபோக்குக்காகவோ தன் கையால் செய்திருந்தால் அது அமெச்சூர் கட்டிய விமானம். விமான நிறுவனங்களின் விமானங்களுக்குக் கிடைக்கிற வழக்கமான சான்றிதழ் இதற்குக் கிடைக்காது. பறக்கலாம், ஆனால் இன்ன மாதிரி விமானம் இது என்று உடம்பிலேயே எழுதியிருக்க வேண்டும். ஆள் ஏறுகிற ஒவ்வொரு வழியின் பக்கத்திலும் எக்ஸ்பெரிமென்டல் (பரிசோதனை ரகம்) என்ற சொல், எழுத்தின் உயரம் 2 அங்குலத்துக்குக் குறையாமல், 6 அங்குலத்துக்கு மிகாமல். அது ஸ்டிக்கர் வேலை, சீக்கிரம் முடிந்துவிட்டது.

அப்புறம் அடையாளத் தகடு. இதில்தான் நான் அதிக நேரம் உட்கார்ந்தேன். தீயில் அழியாத உலோகம் வேண்டும், எழுத்து அதில் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும், மேலே பெயிண்ட் அடித்து ஒப்பேற்ற முடியாது. விபத்து நடந்தாலும் தொலைந்து போகாதபடி விமானத்தின் வெளிப்பக்கத்தில், கதவுக்குப் பின்னாலோ வால் பக்கமோ பதிக்க வேண்டும். ஸ்டென்லஸ் ஸ்டீலில் வெட்டினேன். மூலைகளை அரம் போட்டு உருட்டி, நான்கு ரிவெட் துளை போட்டு, எழுத்தின் ஆழத்தை நகத்தால் வருடிப் பார்த்துத்தான் மெஷினை நிறுத்தினேன். அதில் கட்டியவர் பெயர், மாடல், வரிசை எண் இருக்கும். கட்டியவர் என்ற இடத்தில் கிட் விற்ற கம்பெனியின் பெயர் வராது, யார் கட்டினாரோ அவர் பெயர்தான். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் பேரன் பெயர் அந்த இடத்தில் வருவதைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாவது, பயணிக்கான எச்சரிக்கை. இந்த விமானம் அமெச்சூர் கட்டியது, வழக்கமான விமானங்களுக்கு உள்ள மத்திய அரசுப் பாதுகாப்பு விதிகளுக்கு இது இணங்கியதல்ல என்ற பொருளில், உள்ளே உட்காருகிறவர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். ஓர் இருக்கை மட்டும் உள்ள விமானத்துக்கு இது கேட்கப்படுவதில்லை, காரணம் சொல்லவே வேண்டாம். இதைப் பொடி எழுத்தில் போட்டு ஓரமாக ஒட்டிவிடலாமே என்று யாருக்கும் தோன்றும், பக்கத்தில் உட்காருகிறவரை ஏன் பயமுறுத்த வேண்டும் என்று. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏறுகிறவர் தெரிந்து ஏற வேண்டும், வேண்டாம் என்று இறங்கவும் அவருக்கு உரிமை இருக்கிறது. அந்த வலது இருக்கையில் ஒருநாள் என் அக்கா உட்காரப் போகிறாள், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். ஆங்கிலத் தகட்டின் கீழே அதே அளவில் தமிழிலும் ஒன்று வெட்டினேன். சட்டம் கேட்கவில்லை, நான்தான் வேண்டும் என்றேன், அவனும் சரி என்றான்.

சட்டம் பெயர் சொல்லிக் கேட்காத எழுத்துகளும் உண்டு, அவற்றைத்தான் நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். 1997 அக்டோபர் 12 அன்று பாடகர் ஜான் டென்வர் கலிபோர்னியாவில் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அவர் ஓட்டியது லாங்-ஈஸி என்கிற ரகச் சிறு விமானம், இன்னொருவர் தன் கையால் கட்டி, இவர் பழையதாக வாங்கியது. எந்த டாங்கியிலிருந்து எண்ணெய் (எரிபொருள்) வர வேண்டும் என்று மாற்றுகிற பிடியைக் கட்டியவர் வரைபடத்தில் இருந்த இடத்தை விட்டு ஓட்டுநரின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். எந்தப் பக்கம் திருப்பினால் எந்த டாங்கி என்று அதில் எழுதவில்லை, எண்ணெய் அளவு காட்டும் குழாயிலும் குறி இல்லை. விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், பிடியை எட்டப் போய்க் கவனம் சிதறி விமானம் கட்டுப்பாடு இழந்தது என்றது. எண்ணெய் போடாமல் கிளம்பியதையும், அந்த ரகத்தில் போதிய பழக்கம் இல்லாததையும் சொன்னது, கூடவே குறி இல்லாத பிடியையும் எழுதி வைத்தது. கட்டியவருக்கு அது எந்தப் பக்கம் என்று கைக்கே தெரிந்திருக்கும். வாங்கியவருக்கு யார் சொல்வது?

நம் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. களைக்கொல்லியைப் பெரிய தோம்பிலிருந்து சோடா பாட்டிலில் ஊற்றி, லேபிள் ஒட்டாமல் லயத்து வீட்டு மூலையில் வைத்துவிடுவார்கள். ஊற்றியவருக்குத் தெரியும் உள்ளே என்னவென்று. தாகத்தில் வந்து எடுக்கிற பிள்ளைக்குத் தெரியாது. பாராகுவாட் என்கிற களைக்கொல்லி மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை, ஆனால் மற்ற மருந்துகள் இன்னும் ஸ்டோரில்தான் இருக்கின்றன, பாட்டில்களும் இருக்கின்றன.

அதனால் அக்கா மகனிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: எண்ணெய் மாற்றும் பிடிக்கு இடது, வலது, ஆஃப் மூன்றும் கண்ணாடி போட்டுக்கொள்ளாதவருக்கும் தெரிகிற அளவில் வேண்டும், ஆஃப் சிவப்பில். மேல்மூடிக்கு வெளியிலிருந்து எப்படித் திறப்பது என்று அம்புக்குறி வேண்டும், ஓடி வந்து காப்பாற்றுகிறவர் அந்த விமானத்தை முன்பின் பார்த்திருக்கமாட்டார். டாங்கி மூடியைச் சுற்றி எந்த எண்ணெய், எத்தனை கேலன் என்று வளையமாக வரும். அந்த எண்ணிக்கையை மட்டும் இன்னும் வெட்டவில்லை. கிட் புத்தகத்தில் உள்ள அளவைப் போடாதே, உன் டாங்கியில் நீயே ஊற்றி அளந்து சொல் என்றேன். அடுத்த வாரம் அளப்பானாம்.