நல்ல மெட்டல் ஆல்பம், மோசமான அட்டை: நானே வரைந்து பார்த்தேன்

பிளாக் சப்பாத் என்ற ஹெவி மெட்டல் பேண்டின் 'பாரனாய்ட்' ஆல்பத்தை முதன்முதலில் பர்மா பஜாரில் கேட்டு வாங்கினேன். கடைக்காரர் அடுக்கிலிருந்து சிடியை எடுத்து நீட்டினார். அட்டையைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது இல்ல. நான் பிளாக் சப்பாத் கேட்டேன்" என்று திருப்பிக் கொடுத்தேன். "பேரப் படி தம்பி" என்றார். படித்தேன், அதுதான். இருட்டுக் காட்டில் ஒரு மரத்துக்குப் பின்னாலிருந்து வாளும் கேடயமுமாக ஒருவர் பாய்ந்து வருகிறார். படம் அசைந்துபோய் ஒரே ஆள் மூன்று நான்கு ஆளாகக் கலங்கித் தெரிகிறார். வீட்டுக்கு வந்து போட்டேன். முதல் பாட்டில் அந்த சைரன் சத்தம் வந்ததுமே எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் அந்த ஆல்பம் எனக்கு அப்படியேதான் இருக்கிறது. அட்டை மட்டும் கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இந்த மாதிரி எனக்கு ஒரு பட்டியலே உண்டு. இசைக்காக உயிரைக் கொடுக்கலாம் போல இருக்கும், அட்டையைப் பார்த்தால் மனசு வலிக்கும். இந்த வருடம் அதில் மூன்றை எடுத்து, எனக்குத் தோன்றிய மாதிரி பலகையில் வரைந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். அதற்குக் காரணம் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அண்ணன். காசிமேட்டில் படகுகளுக்குப் பெயரும் படமும் எழுதுகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், மொத்தம் 61 நாள். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பழுது பார்ப்பது, பட்டி பார்ப்பது, பெயின்ட் அடிப்பது எல்லாம் அப்போதுதான் நடக்கும். நான் திருவொற்றியூர் பக்கம் ஒரு பட்டறையில் பவர் பிரஸ், அதாவது தகட்டை அழுத்தி வெட்டும் இயந்திரம், ஓட்டுகிறேன். காலை ஷிஃப்ட் முடிந்ததும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். பிரஷ் பிடிப்பதிலிருந்து சொல்லிக் கொடுத்தார்.

முதல் பலகை: 'பாரனாய்ட்'

இரண்டடிக்கு இரண்டடி ஹார்ட்போர்டு, வெள்ளை பிரைமர், அப்புறம் 50 மில்லி எனாமல் டப்பாக்கள். எல்பி அட்டை பன்னிரண்டு அங்குலம்தான். அதைப்போல் இரண்டு மடங்கு வைத்துக்கொண்டால் சின்னத் தப்புகள் சுருங்கும்போது மறைந்துவிடும் என்பது அண்ணன் சொன்ன கணக்கு.

வரைவதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த வாள்காரர் ஏன் அங்கே நிற்கிறார்? 1970-இல் அந்த ஆல்பத்துக்கு முதலில் வைத்த பெயர் 'வார் பிக்ஸ்', அதாவது போர்ப் பன்றிகள். படம் எடுத்ததும் அந்தப் பெயருக்குத்தான். ஆல்பத்தில் இடம் நிரப்ப அவசரமாக எழுதிய 'பாரனாய்ட்' பாட்டு தனியாக வந்து பெரிய ஹிட் ஆகிவிட, நிறுவனம் ஆல்பத்தின் பெயரையே மாற்றிவிட்டது. படத்தை மாற்றவில்லை. போருக்கு வந்த ஆள், பெயர் போன பிறகும் அங்கேயே நிற்கிறார். எடுத்தவரும் லேசுப்பட்டவர் இல்லை. கீத் மெக்மில்லன். அதே வருடம் பிப்ரவரியில் வந்த முதல் பிளாக் சப்பாத் ஆல்பத்தின் அட்டையும் அவர் எடுத்ததுதான். பழைய தண்ணீர் ஆலை, முன்னால் கறுப்பு உடையில் ஒரு பெண். மெட்டல் அட்டைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்த மூன்றில் அது ஒன்று. அதனால் அவர்மேல் இருந்த கோபம் எனக்கு அன்றோடு போய்விட்டது.

என் படத்துக்கு யோசனை பட்டறையிலேயே கிடைத்தது. பிளாக் சப்பாத்தின் கிட்டார்காரர் டோனி ஐயோமி பர்மிங்ஹாமில் தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் இருந்தவர். பதினேழு வயதில், வேலையை விட்டு நிற்க வேண்டிய கடைசி நாளில், வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் இயந்திரத்தில் போய்விட்டது. இடது கைக்காரர் என்பதால் கம்பியை அழுத்தும் கை அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி மாதிரி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். பிரஸ் ஓட்டுகிற யாருக்கும் இந்தக் கதை வெறும் கதையாக இருக்காது. தினமும் பெடலை மிதிப்பதற்கு முன்னால் நானும் என் விரல்களை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். அதனால் வரிசையாக ஆறு பவர் பிரஸ், ஒவ்வொன்றின் தலையிலும் ராணுவ அதிகாரியின் தொப்பி, கீழே பலகையின் ஓரத்தில் ஒரே ஒரு கை என்று பென்சிலில் போட்டேன். பழைய பெயரும் அதில் வந்துவிட்டது, புதிய பெயரின் பயமும் வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

கறுப்பும் சாம்பலும் அடித்து முடிக்க மூன்று நாள். கடற்காற்றில் எனாமல் காயவே மாட்டேன் என்கிறது. மறுநாள் காலையிலும் விரல் வைத்தால் பிசுபிசு. பொறுமையில்லாமல் ஒரு தப்பு செய்தேன். கையின் நரம்பு, நகம் எல்லாம் சீக்கிரம் முடியட்டும் என்று போஸ்டர் கலரை எடுத்து எனாமல்மேல் வைத்தேன். வைத்த கோடு சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த தண்ணீர் மாதிரி முத்து முத்தாகத் திரண்டு ஓடிவிட்டது. கொஞ்சம் ஒட்டிய இடமும் காய்ந்ததும் செதிலாக உரிந்தது. அண்ணன் வந்து பார்த்தார். "எண்ணெ மேல தண்ணி நிக்குமா தம்பி?" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு துண்டு உப்புத்தாளைக் கையில் கொடுத்தார். பளபளப்பு போகிற அளவுக்கு மெதுவாகத் தேய்த்து, துணியால் துடைத்து, எனாமலிலேயே திரும்ப வரைந்தேன். கை மட்டும் மூன்று தடவை. மூன்றாவது கையில் நடுவிரலும் மோதிர விரலும் மற்றவற்றைவிடச் சற்றுக் குட்டையாக இருக்கின்றன. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

நடுவில் விட்டது

மெகாடெத் பேண்டின் முதல் ஆல்பத்தையும் வரைவதாக இருந்தேன். 1985-இல் வந்தது. பேண்டின் தலைவர் டேவ் மஸ்டெயின் யோசித்து வைத்த படம் தொலைந்துபோய், கடைசியில் ஒரு பிளாஸ்டிக் மண்டையோட்டை வைத்து எடுத்த மலிவான போட்டோதான் அட்டையானது. ஆனால் 2002-இல் மறுபடி வெளியிட்டபோது அவர் நினைத்த படத்தை வைத்தே புது அட்டை போட்டுவிட்டார்கள். குறை தீர்ந்த இடத்தில் எனக்கு வேலையில்லை.

இரண்டாவது பலகை: 'டான்ஸ் ஆஃப் டெத்'

இதில்தான் நிறைய நாள் போனது, நிறையக் கற்றுக்கொண்டதும் இதில்தான்.

2003-இல் வந்த அயர்ன் மெய்டன் பேண்டின் 13-வது ஸ்டூடியோ ஆல்பம். பெயருக்குச் சாவின் நடனம் என்று அர்த்தம். 'பாஷண்டேல்' பாட்டு ஒன்றுக்காகவே இதை வைத்துக் கும்பிடலாம். முதல் உலகப் போரின் சேற்றில் கொண்டுபோய் நிறுத்திவிடும். அட்டை கம்ப்யூட்டரில் செய்தது. சதுரங்கக் கட்டம் போட்ட தரை, நடுவில் எமனாக எடி (பேண்டின் அட்டைகளில் வழக்கமாக வரும் பூத உருவம்), சுற்றிலும் முகமூடி போட்டவர்கள். வரைந்த டேவிட் பாட்செட் அதை முடிக்கவே இல்லை. பாதி வேலையாக இருந்ததையே அச்சுக்கு அனுப்பிவிட்டதால் தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சிடி புத்தகத்தில் அவர் பெயர் இருக்காது. டெரெக் ரிக்ஸ் வரைந்த 'பவர்ஸ்லேவ்' மாதிரி அட்டைகளைக் கொடுத்த பேண்டுக்கு இப்படி ஒன்று வந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

ஆனால் அதில் என்ன கோளாறு என்று எனக்கு வாயால் சொல்லத் தெரியவில்லை. "அசிங்கமாக இருக்கிறது" என்பது போதாதே. அட்டையை அண்ணனிடம் காட்டினேன். மெட்டல் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "ஆடறாங்களா இவங்க? காலு தரைல படவே இல்ல. மெதக்குது பாரு" என்றார். அதுதான். தரையில் கால் ஊன்றிய இடத்தில் நிழல் இல்லை. முழங்கால் மடங்கியிருக்கிறது, ஆனால் எடை எந்தக் காலிலும் இறங்கவில்லை. ஆளாளுக்குத் தனியாகச் செய்து கொண்டுவந்து ஒட்டிய மாதிரி இருக்கிறது.

சாவு ஊர்வலத்தில் ஆடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் ஒரு பெரியவர் போனால் மேளம் வந்துவிடும், கானா பாட வந்துவிடுவார்கள். பாடைக்கு முன்னால் ஆடுகிறவர்களின் காலைப் பார்த்திருப்பீர்கள். குதிகால் ரோட்டில் இறங்கும், முழங்கால் மடங்கும், தோள் ஒரு பக்கம் சாயும். சாமந்தியும் பொரியும் அந்தக் காலடியில் நசுங்கிக் கிடக்கும். அந்த ஆட்டத்தில் துக்கமும் இருக்கும், சாவை எதிர்த்து நிற்கிற ஒரு வீம்பும் இருக்கும். எட்டரை நிமிடம் ஓடும் அந்த 'டான்ஸ் ஆஃப் டெத்' பாட்டிலும் அதுவேதான். மெதுவாகக் கதை சொல்வதுபோல ஆரம்பித்து, நடுவில் கால் தானாகத் தாளம் போடும்படி ஆகிவிடும்.

ஐரோப்பாவிலும் இது பழைய விஷயம். எலும்புக்கூடு வந்து ராஜாவையும் போப்பையும் உழவனையும் கைபிடித்து இழுத்துப்போகும் படங்கள் அங்கே பல நூறு வருடமாக உண்டு. ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்த மரச்செதுக்குப் படங்கள் 1538-இல் புத்தகமாக வந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஆறரைக்கு ஐந்து சென்டிமீட்டர்தான், கேசட் அட்டையைவிடச் சின்னது. அதில் இருக்கும் எலும்புக்கூட்டுக்குக்கூட எடை இருக்கிறது, நடை இருக்கிறது. அப்படியானால் கம்ப்யூட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. வேலையை முடிக்க விடவில்லை, அவ்வளவுதான்.

என் பலகையில் சதுரங்கத் தரையை அப்படியே வைத்துக்கொண்டேன், அது நல்ல யோசனைதான். கரித்தூள் தடவிய நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் கோடு விழும். பழைய சினிமா பேனர் எழுதுகிறவர்கள் கட்டம் போடும் வழி. எல்லாக் கோடும் மேலே ஒரே புள்ளியில் போய்ச் சேர வேண்டும். இரண்டு கோடு தப்பிவிட்டதால் தரை ஒரு பக்கம் மடிந்த பாய் மாதிரி தெரிந்தது. துடைத்துவிட்டுத் திரும்ப அடித்தேன். மேலே ஏழு பேர் ஆடுகிறார்கள், நடுவில் எடி. முதலில் எல்லாருடைய கால்களையும் மட்டும் வரைந்தேன், உடம்பு பிறகு. ஒவ்வொரு பாதத்துக்கும் அடியில் விரல் அகலத்துக்கு அடர்ந்த கறுப்பு நிழல். அந்த நிழலை வைத்ததும் ஆட்கள் தரையில் இறங்கினார்கள். நான் வரைந்ததுதான், ஆனாலும் அதைப் பார்த்தபோது கண் கலங்கியது. கட்டங்களின்மேல் நசுங்கிய சாமந்தி இதழ்களை மஞ்சளில் வைத்தேன். அது என் ஊர். அங்கே இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

எடியின் முகம்தான் சரியாக வரவில்லை. தாடை பெரிதாகிவிட்டது. ரிக்ஸ் எத்தனை சுலபமாக வரைந்த மாதிரி காட்டியிருக்கிறார் என்பது அதைத் தொட்டபோதுதான் தெரிந்தது.

மூன்றாவது பலகை: 'பார்ன் அகெய்ன்'

1983. பிளாக் சப்பாத்தில் இயன் கில்லன் பாடிய ஒரே ஆல்பம். நீலப் பின்னணியில் கொம்பு முளைத்த சிவப்புக் குழந்தை, மஞ்சள் நகம். உலகத்தின் மோசமான அட்டைகள் என்று யார் பட்டியல் போட்டாலும் இது இருக்கும். கில்லனுக்கே பிடிக்கவில்லை. அட்டையைச் செய்த ஸ்டீவ் ஜூல் அப்போது பேண்டின் பழைய பாடகர் ஆஸியின் ஆட்களுக்கு வேலை செய்துகொண்டிருந்தவர். இந்த வேலை தனக்கு வரக்கூடாது என்று வேண்டுமென்றே மட்டமாகச் செய்து கொடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

நானும் இதை மாற்றியே தீர வேண்டும் என்றுதான் பலகை வாங்கினேன். அண்ணனிடம் அட்டையைக் காட்டினேன், சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். கையில் வாங்கி, தூர நீட்டிப் பார்த்து, "இது நல்லா கீதே" என்றார். "செவப்பும் நீலமும் பக்கத்துல வெச்சா கண்ணு கூசும். தண்ணில எவ்ளோ தூரத்துல இருந்தாலும் நம்ம படகு இதுன்னு தெரிஞ்சுடும்."

அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு ஹெட்போனில் அந்த ஆல்பத்தை முழுவதும் கேட்டேன். 'ஜீரோ தி ஹீரோ' பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் ரிஃப் சேற்றில் கால் வைத்து நடப்பது மாதிரி. 'டிஸ்டர்பிங் தி பிரீஸ்ட்' பாட்டில் கில்லன் அலறுவது காதைக் கூசவைக்கிறது. ஒலிப்பதிவே கலங்கலாக, முரடாக இருக்கிறது. அழகான ஒரு படம் அதன்மேல் உட்காராது என்று அப்போது பட்டது. நான் யோசித்து வைத்திருந்த கோயில் மண்டபம், மெழுகுவத்தி எல்லாம் பொய்யாகத் தெரிந்தன. 'பாரனாய்ட்' அட்டையும் 'டான்ஸ் ஆஃப் டெத்' அட்டையும் அந்தந்த ஆல்பத்தின் இசையோடு சேராதவை. இது சேர்ந்திருக்கிறது. இத்தனை வருடம் இதையும் அவற்றோடு ஒன்றாக வைத்துத் திட்டியது என் தவறுதான்.

அதனால் மூன்றாவது பலகையில் அதே குழந்தையைத்தான் வரையப் போகிறேன். படகுக்கு அடிக்கிற அதே சிவப்பு, அதே நீலம். ஜூன் 14-க்குள் முடியாது. அண்ணனுக்கு இன்னும் நான்கு படகு பாக்கி, எனக்கும் இந்த வாரம் இரவு ஷிஃப்ட். பிரைமர் அடித்து மாடிப்படிக்குக் கீழே சாய்த்து வைத்திருக்கிறேன். இன்று காலை தொட்டுப் பார்த்தேன், ஓரத்தில் இன்னும் கொஞ்சம் ஒட்டுகிறது.