தேசி மரக் குருத்து சுருளுதா?

மழை விட்டதும் கொழும்பு வீடுகளில் தேசி மரம் குருத்து விடும், கூடவே இலைச் சுரங்கப் புழுவும் வரும். இலையில் வெள்ளிக் கோடு நெளிந்து ஓடினால் அதுதான். புழு தோலுக்குள் இருப்பதால் சுருண்ட இலைக்கு மருந்தடிப்பது வீண். குருத்து விரல் நீளம் வரமுன் அடிக்க வேண்டும்: 1 லீட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லிலீட்டர், பாத்திரம் கழுவும் திரவம் சில துளி. எண்ணெயையும் திரவத்தையும் முதலில் கலவுங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் மிதந்து இலை கருகும். பின்னேரம், அடிப்பக்கமும் நனைய, வாரம் ஒருமுறை.

யூரியாவை அள்ளிப் போட்டால் குருத்து ஓயாது, புழுவும் ஓயாது.

புழு வைத்த காயத்தால் சொறி நோய்ப் பக்டீரியாவும் லேசாக நுழையும். மஞ்சள் வளையத்தோடு தடித்த பழுப்புப் புள்ளி கண்டால், ஈரமில்லாத நாளில் கிளையை வெட்டி அப்புறப்படுத்துங்கள், கூட்டெருவில் போடவேண்டாம். கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டே அடுத்த கிளை.