எக்ஸாஸ்ட் பிரேக்கை நானே மாட்டினேன்: ஒரு நாள் வேலை, மூன்று வார அலைச்சல்

போன செப்டம்பரில் கொலராடோவின் ஐசனோவர் சுரங்கத்தைத் தாண்டி சில்வர்தோர்ன் பக்கம் இறங்கியபோது வந்த பிரேக் நாற்றம் இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. சுரங்கம் இருப்பது 11,158 அடி உயரத்தில். அங்கிருந்து 7 சதவீதச் சரிவு, பின்னால் 7,000 பவுண்டு டிரெய்லர். பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்காகச் சாலையோரம் சரளை மேடு போட்டு வைத்திருப்பார்கள் இல்லையா, அதைக் கடக்கும்போது ஒரு நொடி அதையே பார்த்தேன். எக்ஸாஸ்ட் பிரேக் மாட்டாமல் இனி டிரெய்லரைக் கட்டுவதில்லை என்று கீழே இறங்கியதும் முடிவு செய்தேன்.

வண்டி 2001 டாட்ஜ் ராம் 2500. 5.9 லிட்டர் கம்மின்ஸ், 24 வால்வு, ஆறு கியர் மேனுவல், ஃபோர் வீல் டிரைவ். டீசலில் காற்றை அடைக்கும் த்ராட்டில் கிடையாது என்பதால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் எஞ்சின் பெரிதாக இழுத்துப் பிடிக்காது. எஞ்சினுக்குக் காற்றைத் திணிக்கும் டர்போவுக்குப் பின்னால் புகை போகும் வழியை ஒரு பட்டர்ஃபிளை வால்வால் அடைத்தால்தான் பிடிக்கும். எக்ஸாஸ்ட் பிரேக் என்பது இவ்வளவுதான். மாட்டுவதும் ஒரு நாள் வேலைதான் என்றார்கள். உண்மைதான், எல்லாப் பாகமும் சரியாக இருந்தால்.

முதல் கோளாறு கடையிலேயே தொடங்கியது. டென்வரில் ஒரு உதிரிபாகக் கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் கணினியைப் பார்த்தபடியே "எந்த வருடம்?" என்றார். சொன்னேன். "5.9 தானே? அப்படியே பொருந்தும்" என்று பெட்டியைத் தள்ளினார். வீட்டுக்கு வந்து டர்போவிலிருந்து புகை வெளியேறும் வளைவுக் குழாயான பழைய எல்போவைக் கழற்றிப் புதியதை வைத்துப் பார்த்தால் வாய் அளவே வேறு. அப்புறம்தான் டர்போவின் தகட்டைத் துடைத்துப் படித்தேன்: எச்எக்ஸ்35. அந்த ஆண்டுகளில் ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்கு எச்ஒய்35 என்ற வேறு டர்போ வந்தது. அவர் கொடுத்தது அதற்கானது. கியர்பாக்ஸ் என்ன என்று அவர் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. திருப்பிக் கொடுக்கப் போனால், பெட்டியைப் பிரித்துவிட்டேன் என்று 15 சதவீதம் பிடித்துக்கொண்டார்கள். வாக்குவாதம் செய்து பார்த்தேன். மேலாளர் வந்து புன்னகையோடு அதே 15 சதவீதத்தைத் திரும்பச் சொன்னார்.

அதனால் வாங்கும் முன் ஒரு துணியை எடுத்துக்கொண்டு போய் டர்போ தகட்டைத் துடைத்து ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் வருடத்தை மட்டும் நம்பாதீர்கள். உங்களுடையது ஆட்டோமேட்டிக் என்றால் இந்தப் பிரேக் மட்டும் போதாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரின் லாக் விட்டுவிடும், எஞ்சின் பிடிப்பது சக்கரத்துக்குப் போகாது. அந்த லாக்கைப் பிடித்து வைக்க லாக்கப் கன்ட்ரோலர் தனியாக வேண்டும்.

சரியான கிட், வேக்குவத்தில் (பம்ப் காற்றை உறிஞ்சும் விசையில்) இயங்கும் வகை, பியூப்லோவில் ஒருவரிடம் பழையதாகக் கிடைத்தது. போக 100 மைலுக்கு மேல், வர அதே அளவு. வால்வு மடல் சிக்காமல் திரும்புகிறதா என்று அவர் வீட்டு வாசலிலேயே விரலால் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன். சூடு கண்ட பூனையைப் போல் அதற்குள் கொஞ்சம் புத்தி வந்திருந்தது.

மாட்டும் வேலையில் சிரமம் கொடுத்தது துரு மட்டும்தான். குளிர்காலத்தில் இங்கே சாலையில் மெக்னீசியம் குளோரைடு தெளிப்பார்கள், அடிப்பாகம் முழுக்க அதன் கைவரிசை. முந்தின இரவே துருநீக்கி எண்ணெய் அடித்து ஊறவிட்டும் கிளாம்ப் போல்ட் ஒன்று முறிந்தது. புது கிளாம்ப் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்ததால் பிழைத்தேன். இரண்டு பேட்டரியின் நெகட்டிவையும் கழற்ற மறக்காதீர்கள். ஒன்றை மட்டும் கழற்றினால் மற்றதிலிருந்து கரண்ட் வந்துகொண்டே இருக்கும். மற்றபடி மதியத்துக்குள் மாட்டும் வேலை முடிந்தது.

சுவிட்சைப் போட்டேன். ஒன்றுமே நடக்கவில்லை.

வால்வு மடலைத் திருப்பும் ஆக்சுவேட்டர் பாதி தூரம் நகர்ந்து சோர்ந்து நின்றது. வேக்குவம் கேஜ் மாட்டிப் பார்த்தால் பாதரச அளவில் 11 இஞ்ச். கடல்மட்டத்தில் 25 காட்டும் வேக்குவம் பம்ப், 5,280 அடி உயர டென்வரில் 20 காட்டினாலே நல்ல பம்ப். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஒரு இஞ்ச் குறையும். அதைக் கழித்தாலும் 11 மிக மோசம். பம்ப் போய்விட்டது என்றே நினைத்து, புதியதன் விலையைப் பார்த்து, பார்த்த கையோடு போனை மூடி வைத்தேன்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. விடிந்ததும் பம்ப் வாயிலேயே நேராகக் கேஜை வைத்தேன். 20! பம்ப் நல்லாத்தான் இருக்கிறது. அப்படியானால் ஒழுகுவது அதே பம்பிலிருந்து போகும் குழாய்களில் எங்கோ. ஒவ்வொன்றாகக் கழற்றி அடைத்துக்கொண்டே வந்தேன். காற்று எந்தப் பக்கம் வர வேண்டும் என்று திருப்பிவிடும் ஹீட்டர் பெட்டிக்குப் போகும் லைனை அடைத்ததும் முள் ஏறியது. அந்த மெல்லிய பிளாஸ்டிக் குழாய் பேட்டரித் தட்டுக்கு அடியில் போகிறது. பேட்டரியையும் தட்டையும் தூக்கிப் பார்த்தால், ஆசிட் பட்டுப் பட்டு வெளுத்திருந்தது. விரல் வைத்ததும் அப்பளம் போல நொறுங்கியது. சில டாலருக்கு ரப்பர் குழாய் வாங்கி மாட்டினேன். முன் அச்சை இணைக்கும் லைனும் அதே கதிதான், அதையும் மாற்றினேன். ஃபோர் வீல் விளக்கு சில நாள் எரியாமல் அடம்பிடித்த காரணம் அப்போதுதான் புரிந்தது. இந்த வயது வண்டி வைத்திருப்பவர்கள் வேறு எதையும் கழற்றும் முன் அந்தத் தட்டைத் தூக்கிப் பாருங்கள்.

அடுத்தது வயரிங். கால் ஆக்சிலரேட்டரில் பட்டதும் பிரேக் விட்டுவிட வேண்டும். அதற்கான சின்ன சுவிட்சை ஆக்சிலரேட்டர் லீவர் பக்கத்தில் மாட்டினேன். கிளட்ச் மிதித்தாலும் விட வேண்டும். அதற்கு, பெடலில் ஏற்கெனவே இருக்கும் ஸ்டார்ட்டர் சுவிட்சையே பயன்படுத்திக்கொண்டேன். சாமர்த்தியம் என்று நினைத்தேன். முதல் சிக்னலில் நிறுத்தக் கிளட்சை மிதித்ததும் எஞ்சின் அணைந்தது. திரும்ப ஸ்டார்ட் செய்து அடுத்த சிக்னல், மறுபடி அணைந்தது. பின்னால் ஹாரன்.

நாமக்கல்லில் லாரி ஓட்டும் மாமாவுக்குப் போன் போட்டேன். முழுக் கதையும் கேட்டுவிட்டு, "கிளட்ச மெதுவா மிதிச்சுப் பாரு மாப்ள, எந்த எடத்துல கட்டாவுதுன்னு பாரு" என்றார். அதுதான் விஷயம். ஸ்டார்ட்டர் சுவிட்ச் பெடல் தரையைத் தொட்டால்தான் வேலை செய்யும். கிளட்ச் அதற்கு முன்னாலேயே பிரிந்துவிடுகிறது. சக்கரம் எஞ்சினைத் தள்ளாத அந்த இடைவெளியில் புகைவழி அடைத்தே இருந்தால் எஞ்சின் மூச்சுத் திணறி நிற்காமல் என்ன செய்யும்? பெடல் அரை இஞ்ச் நகர்ந்ததும் துண்டிக்கும்படி மேலே தனி சுவிட்ச் ஒன்று வைத்தேன். அப்புறம் ஒருமுறைகூட அணையவில்லை.

கடைசியாக பேக் பிரஷர், அதாவது வழி அடைபடும்போது புகை எஞ்சினை நோக்கிக் கொடுக்கும் அழுத்தம். இதை அளக்காமல் மலைக்குப் போகாதீர்கள். 24 வால்வு எஞ்சினில் கம்பெனி ஸ்பிரிங்குக்கு 60 பிஎஸ்ஐ எல்லை. தாண்டினால் எக்ஸாஸ்ட் வால்வுகள் ஸ்பிரிங்கை மீறித் தானாகத் திறந்துகொள்ளும். பழைய 12 வால்வு என்றால் கடின ஸ்பிரிங் போட்ட பிறகுதான் அந்த அளவுக்கே போக வேண்டும். என்னுடையது 2,700 ஆர்பிஎம்மில் 52. அப்படியே விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அதே சரிவு, அதே டிரெய்லர். சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் நான்காம் கியரில் சுவிட்சைப் போட்டேன். கீழிருந்து ஒரு கனத்த உறுமல், ஆர்பிஎம் 2,500 பக்கம், வண்டி யாரோ பின்னால் கயிறு கட்டிப் பிடித்த மாதிரி இறங்கியது. சில்வர்தோர்ன் வரை கால் பிரேக்கைத் தொட்டது மூன்றே முறை, அதில் ஒன்று, நான் வேகம் குறைப்பது பின்னால் வந்தவருக்குத் தெரியட்டும் என்று. எக்ஸாஸ்ட் பிரேக்குக்கு, நான் மாட்டிய விதத்தில், பிரேக் விளக்கு எரியாது. பனி உறைந்த சாலையில் மட்டும் அதை அணைத்து வையுங்கள், பிடிப்பது பின்சக்கரங்களை மட்டும்தான், வால் திரும்பிவிடும்.

பக்கத்தில் இருந்த மனைவி உறுமலையும் கவனிக்கவில்லை, சரிவையும் கவனிக்கவில்லை. டாஷ்போர்டு முன் கையை நீட்டி, "ஏங்க, காத்து மூஞ்சிக்கு வருது!" என்றாள். இரண்டு வருடமாக எந்தப் பட்டனை அழுத்தினாலும் அது முன் கண்ணாடிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ஹீட்டரைப் பார்க்கச் சொல்லி அவளும் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இவ்வளவு செலவும் அதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. நான் மறுக்கவில்லை.