அறுபத்து நான்காவது பூ

தையல் ரீச்சர் காலமான செய்தி நமது வட்ஸ்அப் குழுவில் வந்து மூன்றாம் நாள், நமது பழைய மாணவிகள் சங்க விருந்துக்கு மலர் வெளியிடும் குழுவிலிருந்து தொலைபேசி வந்தது. "அஞ்சலி எழுத ஆள் இருக்கிறது. நீர் அந்த மஞ்சள் கதையை எழுதும். வாசிக்கிறவர்கள் சிரிக்க வேண்டும்" என்றார், என்னைவிட இரண்டு வகுப்பு மூத்த அக்கா. 1997இல் கனடாவுக்கு வந்து பேரங்காடிக் காசாளர், வங்கி எழுத்தர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய் என்று எத்தனையோ ஆகிவிட்டேன். மூத்த வகுப்பு அக்காமாருக்கு மறுப்புச் சொல்ல மட்டும் இன்னும் பழகவில்லை.

மஞ்சள் கதை உங்களில் பலருக்குத் தெரியும். ஸ்காபரோ மண்டபங்களில் நமது இரவு விருந்துகள் நடக்கும்போது, கொத்துரொட்டிக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவில், யாராவது என்னை மேடைக்குத் தள்ளிவிடுவார்கள். மூக்குக்கண்ணாடியை நுனிக்கு இறக்கி, அளவுநாடாவுக்குப் பதிலாக யாருடைய சால்வையையாவது கழுத்தில் போட்டுக்கொண்டு, "அரையங்குலம் விடும் பிள்ளை, அரையங்குலம் விடும்" என்று தொடங்கினால் போதும், மண்டபம் குலுங்கும். தையல் விளிம்புக்கு அரையங்குலம் விடாத பிள்ளையை ரீச்சர் மனிதப் பிறவியாகவே மதித்ததில்லை. அவருக்கு நாம் வைத்த பெயரும் அரையங்குலம்தான்.

ரீச்சரின் ஐந்து சேலைகளையும் நடிப்பில் சேர்த்துக்கொள்வேன். திங்கள் சாம்பல், செவ்வாய் நீலம், புதன் மண்ணிறப் பூப்போட்டது, வியாழன் கத்தரிப்பூ, வெள்ளி வெள்ளை வாயில். நாட்காட்டி அச்சாகி வராத அந்தக் காலத்தில் ரீச்சரைப் பார்த்துக் கிழமை சொல்லிவிடலாம் என்பது எங்கள் வகுப்பின் பகிடி.

1990 ஜூனில் மீண்டும் சண்டை தொடங்கியதோடு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி என்று ஒவ்வொன்றாக மறைந்தன. ஜாம் போத்தலில் பஞ்சுத்திரி போட்டுப் படித்த கதையை நம் பிள்ளைகள் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள், விடுவோம். ரிப்பன் மறைந்ததைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டிய ரிப்பன் பூ இல்லாமல் படலைக்குள் நுழைய முடியாத பள்ளிக்கூடம் நமது. சந்திக் கடையில் கடைசி உருளையும் தீர்ந்தபோது, சட்டம் அப்படியே இருந்தது, ரிப்பன்தான் இல்லை.

அப்போது வீட்டுக்கு வீடு ஒரு கைத்தொழில் முளைத்தது. பஞ்சரொட்டி ஒட்டிக் கந்தலான சைக்கிள் ரியூப்பைக் குறுக்கே கால் அங்குல வளையங்களாக வெட்டுவோம். வெறும் வளையம் மயிரைப் பிடுங்கும், மாலையில் கழற்றும்போது உயிர் போகும். ஆகவே அதற்கு ஓர் உறை. வளையத்தை ஓரிடத்தில் நறுக்கினால் நான்கு அங்குலத் துண்டு. துணி அதைப்போல் இரண்டரை மடங்கு நீளம் வேண்டும், அப்போதுதான் சுருக்கு விழும். நல்ல பக்கம் உள்ளே இருக்க மடித்துத் தைத்து, ஒரு முனையில் ஊக்கைக் குத்தி உள்ளால் நகர்த்தி வெளியே இழுத்தால் துணி புரண்டு குழாயாகும். அதே ஊக்கில் ரியூப்பைக் கோர்த்து இழுத்து முடிச்சிட்டு, வாயை மறைதையலால் மூடிவிட வேண்டும். நூலுக்கு, கோதுமை மா வந்த பை. அதன் வாய்த் தையலில் சரியான நுனியைக் கண்டுபிடித்து இழுத்தால் ஒரே இழுவையில் இரண்டு யார் வரும், பிழையான நுனியை இழுத்தால் சிக்கல்தான் மிஞ்சும். அலங்காரத்துக்குத் தலையணை உறையின் லேஸ், அப்பாவின் கிழிந்த சேர்ட்டுப் பொத்தான், அக்காவின் நடன உடையிலிருந்து உதிர்ந்த ஜிகினா. ஆடம்பரம் கூடாது என்று ரீச்சர் ஜிகினாவைப் பிய்த்துவிடுவார். பிய்க்கும்போதே உள்பக்கத்தைப் புரட்டித் தையலையும் பார்த்துவிடுவார்.

இந்தத் துணிச்சுருக்கு வளையத்தை இப்போது என் மகள் ஸ்க்ரஞ்சி என்கிறாள். ரொம்மி ரெவ்சன் என்ற அமெரிக்கப் பாடகி 1987இல் அதற்குக் காப்புரிமை பெற்றாராம். இரவு உடையின் இடுப்பு இலாஸ்ரிக்கைப் பார்த்து அந்த எண்ணம் வந்ததாம். 1987இல் யாழ்ப்பாணத்தில் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் மனநிலையில் யாரும் இருக்கவில்லை. அந்த ஒக்டோபரில், இந்திய இராணுவத்தோடு நடந்த சண்டைக்குள், நாங்கள் இருந்தது கோயில் மண்டபத்தில்.

சரி, மஞ்சள்.

1994, இல்ல மெய்வல்லுநர் போட்டி. நான் ஒன்பதாம் வகுப்பு, மஞ்சள் இல்லம். அணிநடைக்கு 32 பேர், ஆளுக்கு இரண்டு பின்னல், 64 பூ. இல்ல நிறத்தில் ரிப்பன் என்பதை நினைத்தும் பார்க்க முடியாது. ரீச்சர் ஒரு நாள் பழைய தினத்தாளில் சுற்றிய வெள்ளைத் துணி ஒன்றைக் கொண்டு வந்தார். மெல்லியது, பல முறை தோய்த்து மிருதுவானது. மேசையில் விரித்து அளந்தோம். அகலம் 45 அங்குலம், நீளம் ஐந்தரை யார். ஒரு பூவுக்கு 6 அங்குல அகலமும் 20 அங்குல நீளமும். குறுக்கே ஏழு, நெடுக்கே ஒன்பது, ஆக 63. மிஞ்சிய 18 அங்குலம் நடுவில் சுற்றும் முடிச்சுத் துண்டுகளுக்குப் போயிற்று. ஒன்று குறைந்தது.

"ஓரத்தில் மூன்று அங்குலப் பட்டி கிடக்கிறது. இரண்டு துண்டை ஒட்டும்" என்றார் ரீச்சர். ஒட்டும்போது இரு பக்கமும் அரையங்குலம் போக, அந்தப் பூ மட்டும் ஒல்லியாகப் பிறந்தது. அதைத் தைத்தவள் என்பதால் அணிய வேண்டியவளும் நானே. ஒட்டும்போது அந்தப் பட்டியின் விளிம்பு நெடுகிலும் வரிசையாகச் சின்னச் சின்ன ஊசித் துளைகளைக் கண்டேன். பழைய திரைச்சீலையாக்கும் என்று எண்ணிக்கொண்டேன். எண்ணியதுகூட இல்லை, பார்த்தேன், அவ்வளவுதான்.

சாயம் போடும் பொறுப்பு என்னிடம் வந்ததற்குக் காரணம் திறமை அல்ல. எங்கள் வீட்டில் பெரிய கிடாரமும் நல்ல கிணறும் இருந்தன. ரீச்சர் மஞ்சள் கட்டையும் ஒரு சரை சீனக்காரமும், அதாவது படிகாரமும், தந்தார். துணியை முதலில் சீனக்காரம் கரைத்த வெந்நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, பிழிந்து, பிறகே மஞ்சள் காய்ச்சிய நீரில் போட வேண்டும். "மஞ்சள் விசுவாசமில்லாத நிறம் பிள்ளை. கட்டிப் போடாவிட்டால் ஓடிவிடும்." இந்த வசனத்துக்கு மண்டபத்தில் எப்போதும் கைதட்டல் உண்டு.

அன்று மாலை இரண்டு வீடு தள்ளி ஜெனரேட்டர் போட்டுப் படம் காட்டினார்கள். எல்லாரும் எண்ணெய் சேர்த்து ஓட்டும் படம், மாதத்தில் ஒன்று. துணியை நேரே மஞ்சள் நீரில் அமிழ்த்திவிட்டு ஓடினேன். இடைவேளைக்குச் சற்றுப் பின் எண்ணெய் தீர்ந்து படம் நின்றது. சீனக்காரச் சரை எங்கள் அடுப்படித் தட்டில் பிரிக்காமலே இருந்தது.

மறுநாள் துணி வெயிலில் சூரியகாந்தி போலக் காய்ந்தது. கஞ்சி போட்டு, சிரட்டைக்கரிப் பெட்டியால் அழுத்தி, மடித்துத் தைத்து, 64 பூவும் விறைத்து நின்றன. ரீச்சர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். குறை சொல்லவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் பெற்ற பரிசு அது ஒன்றுதான்.

போட்டியன்று பதினொரு மணி வெயிலில் மைதானத்தை ஒரு சுற்று வருவதற்குள் வேர்வை தன் வேலையைக் காட்டிவிட்டது. வெள்ளைச் சீருடையின் தோளிலும் முதுகிலும் மஞ்சள் ஆறுகள். 32 பேரும் பிரதம விருந்தினரைக் கடக்கையில் வலப்பக்கம் முகம் திருப்பியதும், கழுத்து முழுக்க மஞ்சள். வேலிக்கு அப்பால் மதகில் உட்கார்ந்திருந்த பொடியன்களில் ஒருவன் கத்தினான்: "முப்பத்திரண்டு பேருக்கும் ஒரே நாளில் தண்ணீர் வார்ப்பா?"

பெரியபிள்ளையானவளுக்கு மஞ்சள் பூசித் தண்ணீர் வார்க்கும் சடங்கைச் சொன்னான். மைதானமே சிரித்தது. அந்த வயதில் அதைவிடப் பெரிய அவமானம் உண்டா? மேடையில் இருந்த பெரியவர்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இத்தோடு முடியவில்லை. அன்றிரவு அம்மாமார் எங்கோ ஒளித்து வைத்திருந்த சவர்க்காரத் துண்டுகளை எடுத்துச் சட்டைகளைத் தோய்க்க, மஞ்சள் முழுவதும் சிவப்பாகிவிட்டது. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பதை விஞ்ஞான ரீச்சர் அடுத்த வாரம் மஞ்சள் தாளோடு விளக்கினார். எங்களுக்குத் தாள் தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை தையல் பாடம். ரீச்சர் என்னை வாங்கில் ஏறி நிற்கச் சொன்னார்.

"சீனக்காரம் போட்டீரா?"

"போட்டேன் ரீச்சர்."

"போட்டீரா?"

"போட்டேன்."

மூன்றாவது தடவையும் அதையே சொன்னேன். ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, 64 பூவும் இருந்த கடகத்தை என் காலடியில் வைத்தார். "எல்லாவற்றையும் பிரியும். துணி கிழியாமல் பிரியும். மடிப்பு நிமிர்த்தி அடுக்கும்." மூன்று வாரம், ஒவ்வொரு தையல் பாடத்திலும், வகுப்பு பூவேலை செய்ய, நான் வாங்கில் நின்று பிரித்தேன். கால் மாற்றி மாற்றி நின்றதை மேடையில் அப்படியே செய்து காட்டுவேன், நல்ல வரவேற்பு. பிரித்த துண்டுகளை ரீச்சர் அதே தினத்தாளில் சுற்றிச் சைக்கிள் கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். வெறும் கந்தலுக்கு என்ன உபசாரம் என்று நினைத்தோம்.

அந்தத் தவணை முழுக்க ரீச்சர் வெள்ளிக்கிழமைகளில் நீலச் சேலையில் வந்தார். "அரையங்குலத்துக்குக் கிழமை மறந்துபோயிற்று" என்று கரும்பலகையின் மூலையில் எழுதியவள் நான். மேடையில் இதையும் சொல்லியிருக்கிறேன்.

யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை, நீங்களும் அந்த வீதியில்தான் நின்றீர்கள். நாவற்குழிப் பாலத்துக்கு முன்னால், மழையில், சனத்துக்குள் அடி அடியாக நகர்ந்தபோது ரீச்சரைக் கண்டேன். சைக்கிள் கரியரில் தையல் இயந்திரத்தின் தலையை ரியூப்பால் இறுக்கிக் கட்டி, ஒரு கையால் அதைப் பிடித்தபடி தள்ளிக்கொண்டு போனார். கூப்பிட்டால் கேட்கும் தூரம். அம்மா என் கையைப் பிடித்திருந்தார், நான் தம்பியின் கையைப் பிடித்திருந்தேன். கூப்பிடவில்லை.

அடுத்த ஆண்டு ரீச்சர் ஊருக்குத் திரும்பி, ஓய்வு பெறும்வரை அதே அறையில் படிப்பித்தார். நாங்கள் திரும்பவில்லை. போர்நிறுத்தத்தில் ஏ9 பாதை திறந்த பிறகு, 2003இல், இரண்டு வாரம் போனேன். நல்லூர், நயினாதீவு, இரண்டு கல்யாணம், ஒரு அந்தியேட்டி. ரீச்சருக்கென்று தனியாக எடுத்து வைத்த சொக்லேட் பெட்டியைக் கடைசி நாள் வான் சாரதியின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு ஏறினேன். ரீச்சரின் ஒழுங்கையால்தான் வான் போனது.

இனி, மேடையில் சொல்லாதது. கடந்த சில ஆண்டுகளாக அம்மா விட்டுப்போன சேலைகளை வெட்டி ஸ்க்ரஞ்சி தைத்து, சங்கத்தின் புலமைப்பரிசில் நிதிக்கு விற்கிறேன். இந்தப் பங்குனியில் ஒரு வெள்ளை வாயில் சேலையை எடுத்தேன். வெட்டுவதற்கு முன், சேலையின் கீழ் விளிம்பில் உள்பக்கமாக வைத்துத் தைக்கும் பட்டியான ஃபோல்ஸைப் பிரிக்க வேண்டும். நிலவறை வெளிச்சத்தில் பிளேடால் ஒவ்வொரு தையலாக எடுத்து, பட்டியைக் கழற்றி, விளிம்பை விரலால் நீவினேன். நெடுகிலும் வரிசையாகச் சின்னச் சின்ன ஊசித் துளைகள்.

அகலத்தை அளந்தேன், 45. நீளத்தை அளந்தேன், ஐந்தரை யார். பிறகு கொஞ்ச நேரம் வேறு எதையும் அளக்கவில்லை.

தன் வெள்ளிக்கிழமைச் சேலையின் கரையிலிருந்த லேஸை ரீச்சர் முதலிலேயே பிரித்திருக்க வேண்டும், நாங்கள் அடையாளம் காணக் கூடாதென்று. புதுச் சேலை வாங்கக் கடைகளில் துணியோ கையில் பணமோ இல்லாத ஆண்டு அது. அந்த மூன்று வாரமும் நான் பிரித்து அடுக்கியது தண்டனைக்காக மட்டும்தானா, இல்லை 64 துண்டையும் திரும்ப இணைத்து எதையாவது தைத்துக்கொள்ளலாம் என்று அவர் நினைத்திருந்தாரா? கேட்டிருக்கலாம். ரீச்சரிடம் தொலைபேசி இருந்தது, எண்ணைத் தேடவும் ஒரு மாலை போதும். அந்த மாலையை நாளை நாளை என்று ஐந்து மாதம் தள்ளினேன். பிறகு வட்ஸ்அப்பில் செய்தி வந்தது.

அக்கா சிரிக்கும்படி எழுதச் சொன்னார். முன்பாதி சரியாக வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். விருந்தன்று வாசலுக்கு வலப்பக்கம் என் மேசை இருக்கும். ஒன்று மூன்று டொலர், இரண்டு ஐந்து. உள்பக்கத்தைப் புரட்டிப் பார்த்து வாங்கலாம், அரையங்குலம் விட்டிருக்கிறேன். மஞ்சள் நிறத்தில் தைக்கவில்லை. அந்த வெள்ளைச் சேலையையும் வெட்டவில்லை, ஃபோல்ஸை மறுபடி தைத்துவிட்டேன்.